பளசே இருக்கட்டும்

எங்கள் வீட்டில் எதை மாற்ற வேண்டுமானாலும் முதலில் ஒருவரைத் தாண்டியாக வேண்டும். அவர் என் வீட்டுக்காரர். திரைச்சீலை நைந்துபோய்விட்டது, வேறு வாங்கலாமா என்றால், "எதுக்கும்மா, பழசே இருக்கட்டும்" என்பார். செருப்பின் வார் அறுந்து மூன்றாவது தையலும் போட்டாகிவிட்டது, கடைக்குப் போகலாமா என்றால் அதே பதில். கல்யாணமாகி நாலைந்து வருடம் கழித்து ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், "என்னையும் அப்படித்தான் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "நீ இன்னும் பழசாகலையேம்மா" என்றார். அதோடு சண்டை படுத்துவிட்டது.

அவருக்கு பஸ் டெப்போவில் டயர் பிரிவில் வேலை. தேய்ந்த டயரைச் சுரண்டி, பசை தடவி, மேலே புது ரப்பர் பட்டையை ஒட்டி, சூட்டில் வேகவைத்து, மறுபடி சாலைக்கு அனுப்புவது அவர் தொழில். இருபத்து மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறார். புது டயர் வாங்கிப் போடுகிறவர்கள் எல்லாம் அவர் கணக்கில் ஊதாரிகள். டெப்போவில் அவருக்குப் 'பழசு' என்றே பெயர். "பழசு, இங்க வாங்க" என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே போவார். வீட்டுக்கு வந்ததும் ரப்பர் வாசனை போக இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பார். பிறகு தரையில் தலையணைகூட இல்லாமல் படுத்து அரைமணி நேரம் தூங்குவார். எழுந்ததும் டீ. இந்த வரிசையில் ஒன்று முன்பின்னாகி நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு பிராட்பேண்ட் கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை. தினமும் ஐம்பது, அறுபது பேர் போனில் வருவார்கள். நெட் வரவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு கண்ணடிக்கிறது, மாடியில் கிடைக்கிறது, கீழே கிடைக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே அத்தனை பேர் வீட்டு ரவுட்டரையும் சரிசெய்ய வேண்டும். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, புள்ளி, நூற்று அறுபத்தெட்டு என்று ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறக்கும் எண்ணை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். சொன்னதாக அவரே சாட்சி கூறியிருக்கிறார்.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததே ஓர் எழுத்தால்தான். நேர்முகத் தேர்வில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். "வணக்கம், தங்கள் அழைப்புக்கு நன்றி" என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். பாதிப் பேர் அலைப்பு என்றார்கள், மீதிப் பேர் அளைப்பு என்றார்கள். எனக்கு 'ழ' சுத்தமாக வந்தது. மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். ஆபீசில் இன்றுவரை என் பட்டப்பெயர் 'ழகரம்'. அதை வீட்டில் வந்து சொன்னபோது அவர், "நான் பழசு, நீ ழகரம். எனக்கு நடுவுல நீதான் இருக்கே" என்றார். டயர் ஒட்டுகிற மனுஷனுக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நடுவில் இருந்து என்ன பிரயோஜனம்? ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் பார்த்துக்கொள்வது அபூர்வம். அவர் விடிவதற்குள் கிளம்பி மத்தியானம் இரண்டரைக்கு வருவார். எனக்கு இரண்டு மணி முதல் பத்து மணி வரை ஷிப்ட். ஒரு மணிக்கே பஸ் ஏறிவிடுவேன். நான் திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். என் விடுமுறையோ ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்று எங்களுக்குத் திருவிழா. மகளும் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு, வீட்டில் இரண்டு தட்டுகள் ஒன்றாக மேஜைக்கு வருவது மாதத்தில் ஒருநாளோ இரண்டு நாளோதான்.

இதில் ஒரே ஒரு ஆறுதல் உண்டு. நான் போகிற பஸ்ஸும் அவர் வருகிற பஸ்ஸும் தண்ணீர்த் தொட்டி அருகே எதிரெதிராகக் கடக்கும். தெரிந்துதான் நான் சாலையின் நடுப்பக்க ஜன்னலைப் பிடிப்பேன். அவரும் அப்படியே. கடக்கிற ஒரு நொடியில் கையைத் தூக்குவார். சாப்பிட்டாச்சா என்று நான் வாயசைப்பேன். அவர் தலையாட்டுவதற்குள் பஸ் போய்விடும். பதினோரு வருடம் இப்படித்தான் ஓடியது.

போன மாதம் ஆபீசில் ஓர் அறிவிப்பு வந்தது. பழைய ஆட்களில் சிலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், அதுவும் காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை. வீட்டு இணைப்பு சோதனையில் தேற வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் இரண்டரைக்கு வரும்போது நான் வேலை முடித்து வீட்டில் இருப்பேன். மத்தியானச் சாப்பாடு, டீ, சாயங்காலம், ராத்திரி எல்லாமே இருவருக்கும் ஒன்றாக. விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்து, அவர் டீ குடித்து முடித்ததும், தெரு இரைச்சல் கேட்கக் கூடாது என்ற நிபந்தனைவரை விஷயத்தைச் சொன்னேன்.

"எதுக்கும்மா?" என்றார். "இப்ப நல்லாத்தானே போயிட்டிருக்கு. பழசே இருக்கட்டும்."

திரைச்சீலைக்கும் செருப்புக்கும் சொன்ன அதே பதில். எனக்குச் சுருக்கென்றது. பஸ் ஜன்னலில் கையைத் தூக்குவதே இவருக்குப் போதும்போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மறுநாளே ஆபீசில் பெயர் கொடுத்துவிட்டேன். அவருக்கு வேண்டாமென்றால் போகட்டும், எனக்கு வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மூன்று மணிக்குச் சோதனை என்று சொன்னார்கள். மடிக்கணினி ஒன்றும் கொடுத்தார்கள். அதை வயர் மூலம் ரவுட்டரில் செருகி, ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து இரண்டு மாற்றம் செய்ய வேண்டும். ஒன்று, அந்தக் கணினிக்கென்று மாறாத ஓர் எண் கொடுப்பது. இன்னொன்று, வீட்டில் யார் என்ன படம் பார்த்தாலும் என் அழைப்புக்கே முதல் வழி என்று குறித்து வைப்பது. மூன்று மணிக்குச் சூப்பர்வைசர் கூப்பிட்டு இருபது நிமிடம் பேசிப் பார்ப்பார். சத்தம் அறுந்தாலோ தெரு இரைச்சல் கேட்டாலோ என் இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்துத்தான்.

நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. தினமும் அறுபது பேருக்குச் சொல்லித் தருகிறவள், பத்து நிமிட வேலை என்று புதன்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, வீட்டைப் பெருக்கித் துடைத்து, சமைத்து வைத்து, இரண்டு மணிக்குத்தான் ரவுட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப்பானையில் விழுமாம் துள்ளி.

உள்பக்கம் பாஸ்வேர்டு கேட்டது. வைஃபைக்கு உள்ளது எனக்குத் தெரியும். இது வேறு, ரவுட்டரின் அமைப்புகளைத் திறப்பதற்கானது. ஆறு வருடத்தில் அதற்கு அவசியமே வந்ததில்லை. பெட்டிக்கு அடியில் கம்பெனி ஒட்டிய சீட்டில் இருந்ததை அடித்தேன். தவறு. மகளின் பிறந்த தேதி. தவறு. வீட்டு போன் எண். தவறு. மூன்று தப்பானால் பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொள்ளும். சாத்திக்கொண்டது.

ரவுட்டரைப் புரட்டிப் பார்த்தேன். இணைப்புக் கொடுத்த ஃபிட்டர் ஓர் அட்டையை நிரப்பி, டேப் போட்டு ஒட்டியிருந்தார். தேதி, வயரின் நீளம், கையெழுத்து எல்லாம் இருந்தன. பாஸ்வேர்டு என்ற கட்டத்தில் மட்டும் தமிழில், 'பளசே இருக்கட்டும்'. அந்த அட்டையைத் தூசி தட்டும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், அந்த ளகரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டும் இருக்கிறேன். எதையும் மாற்றவில்லை, பழசே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் எது பழசு? அந்த ஃபிட்டர் வேலையை விட்டுப் போய் நாலு வருடமாகிறது.

பெட்டியின் பின்னால் ஒரு சிறு ஓட்டை உண்டு. அதில் ஊசியை விட்டு அழுத்தினால் எல்லாம் அழிந்து புதிதாகிவிடும். நெட்டும் போய்விடும், கம்பெனி ஆள் வந்து மறுபடி ஏற்ற இரண்டு நாளாகும். 'தயவுசெய்து அந்த ஓட்டைப் பக்கம் போகாதீங்க' என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அன்று கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிடம் கழித்து ரவுட்டரின் கதவு திறந்தது. ஆபீசில் வழக்கமாகப் பயன்படுத்தும் மூன்றை முயன்றேன். மறுபடி சாத்திக்கொண்டது. மானத்தை விட்டு என் ஆபீசுக்கே போன் செய்தேன்.

"வணக்கம், தங்கள் அழைப்புக்கு நன்றி" என்றாள் என் பக்கத்து சீட்டுக்காரி.

"ஏய், நான்தான்."

"ழகரமா? சொல்லுக்கா. சுவிட்ச் போட்டிருக்கா?"

"அடி வாங்கப் போறே. உள்பக்கப் பாஸ்வேர்டு தெரியல."

"ஃபிட்டர் அட்டை இருக்குமே. அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

"பழசே இருக்கட்டும்னு எழுதியிருக்கு."

"அப்ப பழசையே போடேன்க்கா."

"பழசு என்னன்னு தெரிஞ்சா நான் ஏன்டி உனக்குப் போன் பண்றேன்?"

"மாமாவைக் கேளு. பழசு அவர்தானே" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளிடம் காட்டிக்கொள்ளாமல் வைத்துவிட்டேன். அடுத்த மூன்று வாய்ப்பையும் அவசரத்தில் வீணடித்தேன். அப்போதுதான் அவர் உள்ளே நுழைந்தார். மணி இரண்டு முப்பத்திரண்டு. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

என் கோபமெல்லாம் அவர்மேல் திரும்பியது. "அந்த ஃபிட்டர் வந்தப்ப நீங்கதானே வீட்ல இருந்தீங்க? அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எந்த ஃபிட்டர்?"

"நெட்டு கொடுத்தவன். ஆறு வருஷம் முன்னாடி."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தூக்கக் கலக்கத்துல இருந்தேம்மா. கெளக்குப் பக்கச் சுவத்துல ஓட்டை போடவா சார்னு கேட்டான். போடுன்னேன். அப்புறம், இதுக்கு ஒரு பாஸ்வேர்டு சொல்லுங்க, என்ன வைக்கட்டும்னு கேட்டான். பழசே இருக்கட்டும்னு சொன்னேன்."

"அதான் எழுதி வச்சிட்டுப் போயிட்டான்."

"முதல்ல எழுதலையே. அதுல டக்கு டக்குன்னு அடிச்சான். அடிச்சிட்டு, ரொம்ப நீளமா இருக்கே, பரவாயில்லையா சார்னு கேட்டான்."

"எது நீளமா இருக்காம்?"

"வயரைச் சொல்றான்னு நெனச்சேன். நீளமா இருந்தா நல்லதுதானேன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன். அட்டையைப் பார்த்தேன். பாஸ்வேர்டு என்ற கட்டத்தில் பாஸ்வேர்டைத்தான் எழுதியிருக்கிறான், பாவி. இந்த மனுஷன் எதற்கெடுத்தாலும் சொல்கிற வார்த்தையை, வாடிக்கையாளர் சொல்லிவிட்டார் என்று அந்தப் பையன் அப்படியே எழுத்தெழுத்தாக ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆறு வருடமாக எங்கள் வீட்டு ரவுட்டருக்கு என் வீட்டுக்காரரின் தாரக மந்திரம்தான் பூட்டு. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கதவு திறக்க இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே விரல் அகலத்துக்கு வெட்டிய கறுப்பு ரப்பர் பட்டைகள், டயருக்கு ஒட்டியது போக வெட்டி எறிகிற துண்டுகள்; கூடவே ஒரு டப்பா பசை. நான் வேலை பார்க்க ஒழித்து வைத்திருந்த பின்னறைக்குப் போய், கதவு நிலையில் பசையைத் தடவத் தொடங்கினார்.

"இப்ப இதுதான் ரொம்ப முக்கியமா?" என்று கத்தினேன்.

"தெருவுல ஹாரன் அடிச்சா உன் போன்ல கேக்கும்ல?" என்றார் திரும்பாமல். "பட்டை ஒட்டிட்டா ஒரு சத்தமும் உள்ள வராது. திங்கக்கிழமையே அளவெடுத்துட்டேன். பசை இன்னிக்குத்தான் கெடச்சுது."

குளிக்கவில்லை, படுக்கவில்லை, டீ கேட்கவில்லை. வீடு முழுக்க ரப்பர் வாசனை. இரண்டு வாரமாக இவர்மேல் வைத்திருந்த வருத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இரண்டு நாற்பத்தொன்றுக்குப் பாஸ்வேர்டுக் கட்டம் மறுபடி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க வேண்டும். 'ழ' என்றால் என் விரல் தானாக இசட்டுக்கும் எச்சுக்கும்தான் போகும். அடித்தேன். தவறு என்றது. இன்னும் இரண்டு தப்பு, மறுபடி பத்து நிமிடம், மூன்று மணிக்குள் ஒன்றும் நடக்காது.

"என்னம்மா, வரலையா?"

"சரியாத்தான் அடிச்சேன். 'ழ' போட்டுத்தான் அடிச்சேன்."

அவர் பசைக் கையோடு வந்து குனிந்து அட்டையைப் பார்த்தார். "நீ சரியா அடிச்சா எப்படி வரும்? அவன் வாயில 'ழ' வராதே. கெழக்கைக் கெளக்குன்னவன் பழசை என்னன்னு அடிச்சிருப்பான்? இங்கயே பளசேன்னுதானே எழுதியிருக்கான்."

ஆறு வருடமாக நான் பார்த்துப் பார்த்துச் சிரித்த பிழை அது. பதினோரு வருடம் சோறு போட்ட எழுத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒற்றை எல் போட்டேன். அட்டையில் இருந்தபடியே மற்ற எழுத்துகளை அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

திறந்துவிட்டது.

நான் போட்ட கூச்சலில் அவர் பசை டப்பாவைத் தட்டிவிட்டார். அதைத் துடைக்க நேரமில்லை. கணினிக்கு எண்ணைக் கொடுத்து, என் அழைப்புக்கு முதல் வழியைக் குறித்து, சேமித்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. சிவப்பு, மஞ்சள், கடைசியில் பச்சை. மற்றவர்கள் போனில் அதைச் சொல்லக் கேட்டே பழகியவள், முதல் தடவையாக உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன். இரண்டு ஐம்பத்தெட்டுக்குப் பின்னறையில் போய் உட்கார்ந்தேன். அவர் வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்தினார். தெருவே இல்லாததுபோல் சத்தம் நின்றுவிட்டது.

சூப்பர்வைசர் அம்மா இருபது நிமிடம் பேசினார். என்னைப் படிக்கச் சொன்னார், நிறுத்தச் சொன்னார், மறுபடி பேசச் சொன்னார். முடிவில், "லைன் சுத்தமா இருக்கு. பின்னாடி ஒரு சத்தமும் இல்ல. ரூமுக்கு ஏதாவது செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரர் செஞ்சார் மேடம்."

"நல்ல வேலை. திங்கக்கிழமையிலேருந்து வீட்லயே பாருங்க. ஒண்ணு மட்டும், ரவுட்டரோட உள்பக்கப் பாஸ்வேர்டை இன்னிக்கே மாத்திடணும். பழசு இருக்கக் கூடாது."

கதவைத் திறந்தபோது அவர் குளித்துவிட்டு, இரண்டு தட்டுகளை எடுத்து வைத்துக் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். சாப்பாட்டைப் பரிமாறினார். மணி மூன்றரை. புதன்கிழமை. பதினோரு வருடத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

பாதிச் சாப்பாட்டில் கேட்டேன். "அன்னிக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னீங்க? பழசே இருக்கட்டும்னு?"

"எப்பச் சொன்னேன்?"

"நான் வீட்லேருந்து வேலை பாக்கறதைப் பத்திச் சொன்னப்ப."

அவர் கையை நிறுத்தினார். உண்மையாகவே நினைவில்லை போலிருந்தது. "வாய் அதைச் சொல்லியிருக்கும்மா. யார் என்ன கேட்டாலும் முதல்ல அதுதான் சொல்லும். நீ சொல்லி முடிச்ச அன்னிக்கே பின்ரூம் கதவைப் போய்ப் பார்த்தேனே" என்றார்.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். புது பாஸ்வேர்டு என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இதை மாத்தணுமாம். என்ன வைக்கட்டும்?"

வழக்கமான பதில் வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தாலும் இனி வருத்தப்படுவதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன். அவர் திரையைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த இரண்டு காலித் தட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புதுசாவே இருக்கட்டும்" என்றார்.

ஒருமுறை பட்டவள் அல்லவா, விரலைத் தூக்கி நிறுத்தினேன். "இருங்க. இது பாஸ்வேர்டா, பதிலா?"

"ரெண்டும்தாம்மா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, அவர் சொன்னதை எழுத்தெழுத்தாக அடித்தேன். நீளமாகத்தான் இருந்தது.